பழுதாகாத பதினொரு தட்டுகள்

கல்லடிக் கடற்கரையில் ஒரு காலத்தில் வானத்தைப் படம்பிடிக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அது நினைவிலுள்ளவர்கள் இனி ஊரில் இருக்கமாட்டார்கள் என்றே எண்ணியிருந்தேன். போன மாதம் ஒரு சிறப்பு மலரில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. எழுதிய தம்பி நல்ல பிள்ளைதான். நூலகத்தில் கிடந்த பழைய பதிவேட்டைத் தேடிப் படித்திருக்கிறார். நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆசையாகப் படிக்கத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "உள்ளூர் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஒரே மாதத்தில் பதினொரு தட்டுகள் பழுதாகிப்போயின." அந்த இடத்தில் மலரை மூடிவிட்டேன். கண் களைத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். கோபம்.

அந்த ஊழியரின் பெயர் ஆதம்லெவ்வை. காத்தான்குடிக்காரர்; அண்ணன் என்ற பொருளில் நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தட்டுகள், வானம் பதிந்த கண்ணாடிப் படத்தட்டுகள், பழுதானவை அல்ல. அவற்றுக்கு நேரே பழுது என்று சிவப்பு மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஆகவே இதைப் பற்றிப் பேச என்னைவிடப் பொருத்தமானவர் எவரும் இப்போது உயிரோடு இல்லை. என்னைக் கணக்கு டீச்சர் றீற்றா என்றுதான் ஊருக்குத் தெரியும். அதற்கு முன் ஏழு வருடம் நான் நட்சத்திரம் எண்ணினேன்.

தன்னாமுனையில் பிறந்தவள் நான். கன்னியர் மடத்துப் பாடசாலையில் கணக்கில் முதலாவதாக வந்தேன். கண்ணும் கணக்கும் நன்றாக உள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று நிலையத்துத் துரை கேட்டு அனுப்பியபோது, சிஸ்டர் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். பெண்பிள்ளை ஏன் என்றால், படித்த பையன்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் ஓடிவிடுவார்களாம். கல்லடியில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். கல்லடிப் பாலம் கட்டப்படாத காலம் அது. கண்ணாடித் தட்டுப் பெட்டிகள் மட்டக்களப்புப் பட்டணத்திலிருந்து வாவி கடந்து தோணியில் வரும். முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணினேன், பிழைவிட்டேன், திரும்ப எண்ணினேன்.

துரையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர் என் பெயரை எங்கும் எழுதவில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஓய்வுபெற்று, சொந்தச் செலவில் தொலைநோக்கியும் கமராக்களும் வாங்கிக்கொண்டு எங்கள் கடற்கரைக்கு வந்தவர். தமிழைத் தோட்டத்தில் படித்தவர் என்பதால், அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஏவல்தான். வா, போ, எடு, எண்ணு. நான் ஆங்கிலத்தில் பேசினாலும் பதில் அந்தத் தமிழில்தான் வரும். நாலு பிள்ளைகளின் தகப்பனான ஆதம்லெவ்வையை "பையா" என்று கூப்பிடுவார். தட்டு நன்றாக வந்தால் அது "என் தட்டு". கெட்டுப்போனால் "உன் தட்டு". நான் பார்த்த பூதக்கண்ணாடியில் அவர் பார்ப்பதற்கு முன், சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைப்பார். ஏழு வருடமும் ஒரு நாள் தவறாமல் துடைத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

வேலை எப்படி என்று சொல்லவேண்டும். இரவில் ஆதம்லெவ்வை படம்பிடிப்பார். பகலில் நான் எண்ணுவேன். ஒரே தாங்கியில் இரண்டு கமராக்கள் இருந்தன. ஒன்றில் சாதாரணத் தட்டு. அதற்கு நீல ஒளிதான் நன்றாகப் பதியும். மற்றதில் மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வேறு வகைத் தட்டு. அதில் மஞ்சளும் அதற்கு அப்பாலுள்ள நிறங்களும் பதியும். ஒவ்வொரு வான்பகுதிக்கும் இரண்டு தட்டுகள். கழுவிக் காய்ந்து என்னிடம் வரும்போது தட்டு பள்ளிக்கூடச் சிலேட் அளவு இருக்கும். வானம் வெளுப்பாகவும் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரியும். வடக்கு யன்னலோரம் சரிவான மரச்சட்டத்தில் அதை வைத்து, கீழே ஒரு முகக்கண்ணாடியால் வெளிச்சத்தை மேலே திருப்பி, கட்டம் கீறிய பூதக்கண்ணாடியால் கட்டம் கட்டமாக எண்ணவேண்டும். எண்ணுவதற்குத் துரை வரவழைத்த கருவி கடற்காற்றில் துருப்பிடித்து நின்றுவிட்டது. நான் சின்னம்மாவின் குசினியிலிருந்து புளியங்கொட்டை கொண்டுபோனேன். நூறு நட்சத்திரத்துக்கு ஒரு கொட்டை.

சுவரில் விதிகள் அச்சடித்து ஒட்டியிருந்தன. ஒரு கட்டத்தில் உள்ள நட்சத்திரம் பக்கத்துக் கட்டங்களில் உள்ளதன் காற்பங்குக்கும் குறைந்தால் அந்த எண்ணிக்கையைச் சிவப்பு மையால் எழுதவேண்டும். ஒரு தட்டில் மூன்று சிவப்புக் கட்டங்கள் வந்தால், பதிவேட்டில் அந்தத் தட்டுக்கு நேரே பழுது என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. விதி எழுதியவர் துரை.

ஆதம்லெவ்வை தறிக்காரக் குடும்பம். நூலில் பழகிய விரல் என்பதால் கும்மிருட்டிலும் தட்டை ஒரு கீறல் இல்லாமல் ஏற்றுவார். பட்டணத்தில் ஒரு படக்கடையில் மருந்து கலக்கப் பழகியவர். தட்டின் எந்தப் பக்கத்தில் மருந்துப்பூச்சு இருக்கிறது என்று அறிய அதன் மூலையை உதட்டில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் அதுதான் பக்கம். கோடையில் நிலையத்துக் கிணறு உவர்த்துப்போகும். ஒவ்வொரு நாளும் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுக் கழுவுவார். உவர்ப்பென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு கிணற்றுக்குப் போவார். இந்த மனிதரைத்தான் கவனக்குறைவானவர் என்று மலரில் அச்சடித்திருக்கிறார்கள்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. மேகம், காற்று, புகை எல்லாவற்றையும் ஒவ்வொரு தட்டுக்கும் அதில் குறித்துவைப்பார். ஆனால் அவர் எழுதியது அரபுத்தமிழில். பேச்சு நம் தமிழ்தான், எழுத்து மட்டும் அரபு. அவர் பள்ளிவாசலில் படித்த எழுத்து அது ஒன்றுதான். நிலையத்தில் வேறு யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மூன்றாம் வருடம் ஆவணி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம், சேனைப் பயிருக்குக் காடு எரித்தார்கள். அந்த மாதம் துரை கேட்டை நட்சத்திரத்துக்குக் கிழக்கேயுள்ள பகுதியைப் படம்பிடிக்கச் சொல்லியிருந்தார். பால்வீதி அடர்ந்து கிடக்கும் இடம். சாதாரணத் தட்டுகளை முதலில் எண்ணினேன். நடுவில் ஒரு பட்டையில் நட்சத்திரம் அநேகமாக இல்லை. பக்கத்துக் கட்டத்தில் ஐந்து புளியங்கொட்டை நகர்த்திவிட்டு இந்தக் கட்டத்துக்கு வந்தால் ஒரு கொட்டைகூடத் தேறாது. விதிப்படி சிவப்பு மையை எடுத்தேன். பதினொரு தட்டுகள். பதினொரு பழுது. பதினொரு கையெழுத்து.

துரை பதிவேட்டை விறாந்தைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஆதம்லெவ்வையையும் கூப்பிட்டார்.

"இது யார் எழுத்து?" என்று என்னைக் கேட்டார்.

"என் எழுத்து, சேர்."

"பார்த்தியா பையா? நீ புகைக்குள்ளே படம் பிடிச்சே. பதினொரு தட்டு குப்பை."

"புகை இல்ல துரை," என்றார் ஆதம்லெவ்வை. "புகை வந்த நாளெல்லாம் நான் கமராவ மூடி வெச்சிட்டன். இந்தா, என்ட கொப்பியில எழுதி இரிக்கி."

துரை கொப்பியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "கிறுக்கல்" என்று சொல்லித் திருப்பி எறிந்தார். அது விறாந்தைத் தூணில் பட்டு மணலில் விழுந்தது. ஆதம்லெவ்வை குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, என்னைப் பார்த்தார். நான் எண்ணியவள். அந்தப் பட்டை பதினொரு தட்டிலும் ஒரே இடத்தில் இருந்தது என்று அங்கே சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. துரைமீது எனக்குள்ள கோபத்தைவிட, அன்றைக்கு மரக்கட்டையாக நின்ற அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் அதிகம்.

அவரை நிறுத்திவிட்டார்கள். கையில் ஒரு கடிதமும் கொடுத்தார்கள்: கவனக்குறைவால் தட்டுகளைப் பழுதாக்கியதால் விலக்கப்பட்டார். பட்டணத்துப் படக்கடைக்காரர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு முன்னைய வேலையைக்கூடக் கொடுக்கவில்லை. இந்த ஊரில் கமரா தொடும் வேலை அவருக்கு அத்தோடு முடிந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் நிலையத்து வாசலில் வந்து நின்றார். தட்டுக் கழுவும்போது போடும் தன்னுடைய றப்பர் உடுப்பை எடுக்க வந்தாராம். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"றீற்றாப் புள்ள, ஒண்டு கேக்கன். நீங்க எண்ணினது சரியா?"

"சரி, காக்கா. ரெண்டு தரம் எண்ணினன்."

"அப்ப அந்த இடத்தில நட்சத்திரம் குறைவுதான்?"

"ஓம். குறைவுதான்."

"நீங்க எண்ணினதும் சரி, நான் புடிச்சதும் சரி. அப்ப எத வெச்சி பழுது எண்டு எழுதினீங்க?"

"விதி அப்பிடி, காக்கா."

"விதி!" என்று சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஒரு சொட்டுச் சிவப்பு மையால என்ட சோத்தில மண்ணப் போட்டுட்டீங்களே புள்ள!"

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொப்பியை விரித்து, பதினொரு தட்டுக்கும் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினார். காற்று எந்தப் பக்கம், வானத்தின் அடி எப்படி, புகை இல்லை, புகை இல்லை, புகை இல்லை. பிறகு சொன்னார்:

"புகை எண்டா எனக்குத் தெரியாதா? எங்கட ஊர்த் துறையில நிண்டு பாத்தா ஆத்துக்கு அங்கால படுவான்கரை விளக்குத் தெரியும். இடையில புகை வந்தா அந்த விளக்கு மங்கும், சிவந்தும் போகும். ஆனா புகைக்கி இஞ்சால நிக்கிற தோணி விளக்குக்கு ஒண்டும் ஆகாது, அப்பிடியே நிக்கும். படத்தில எப்பிடி இரிக்கி எண்டு பாருங்க. எண்ணத் தெரிஞ்ச உங்களுக்கு இது தெரியாதா?"

வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றோரத்து விளக்கை வைத்து அவர் எனக்கு மூன்று கேள்விகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மூன்று கிழமை சாப்பாட்டு நேரங்களில் நான் அவற்றுக்குப் பதில் தேடினேன்.

முதலாவது, அது எங்கள் ஊர்ப் புகையா? அதே பகுதியைச் சித்திரை மாதத்தில் விடியப்புறம் எடுத்த தட்டுகள் எண்ணாமல் அடுக்கில் கிடந்தன. சித்திரையில் யாரும் காடு எரிப்பதில்லை. ஒரு சித்திரைத் தட்டை எடுத்து, ஆவணித் தட்டின்மேல் பூச்சோடு பூச்சு சேரும்படி மெதுவாக வைத்து, யன்னலுக்கு நேரே பிடித்தேன். ஒன்றைத் திருப்பித்தான் வைக்கவேண்டும் என்பதால் முதலில் எல்லாம் இடம்வலமாக மாறித் தெரிந்தது; என் மடத்தனத்தைத் திட்டிக்கொண்டு, இரண்டையும் ஒரே முகமாக அடுக்கினேன். பட்டையின் ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. வளைவுக்கு வளைவு, மூலைக்கு மூலை. காற்றில் அலையும் புகை நாலு மாதம் இடைவிட்டு வந்து அதே வளைவில் நிற்காது.

இரண்டாவது, நிறம். மஞ்சள் கண்ணாடித் தட்டில் அதே பட்டையை எண்ணினேன். சாதாரணத் தட்டில் காணாத நட்சத்திரங்கள் அதன் ஓரங்களில் எழும்பி நின்றன. நீலம் மறிபட்டிருந்தது, சிவப்புப் பக்கம் தப்பி வந்திருந்தது. அவருடைய படுவான்கரை விளக்கு மாதிரியேதான்.

மூன்றாவது, இஞ்சால, அதாவது இந்தப் பக்கம், நிற்கும் தோணி. தூரம் அளந்து முடிந்த கிட்டத்து நட்சத்திரங்களின் பட்டியல் துரையின் அலுமாரியில் இருந்தது. அவற்றில் ஐந்து இந்தப் பட்டைக்குள் வந்தன. ஐந்தும் பட்டியலில் சொன்ன பிரகாசத்தில் ஒரு குறைவும் இல்லாமல் இருந்தன. எங்கள் தலைக்கு மேல் புகை இருந்தால் இவையும்தானே மங்கவேண்டும்? ஆகவே மறைப்பது அந்த ஐந்துக்கும் அப்பால் நிற்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவிலேயே புகைபோல ஏதோ பரந்து கிடக்கிறது.

இன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளி வெறுமை அல்ல. மிக மெல்லிய வாயுவும், புகைத்துகள் அளவேயான தூசும் மேகம் மேகமாக அங்கே கிடக்கின்றன. துகள் அவ்வளவு சிறியது என்பதால் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது. சிவப்பு ஓரளவு தாண்டி வருகிறது. அந்த மேகங்கள் சுருங்கித்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. தூசி மறைக்கிறது என்று தெரியாமல், மங்கலாக இருப்பதெல்லாம் தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்கள் பால்வீதியின் அளவையே பிழையாக அளந்திருந்தார்கள். இவ்வளவும் அன்று எனக்குத் தெரியாது. ஆதம்லெவ்வைமீது பிழை இல்லை என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, தட்டுகளையும் எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். கைக்குட்டையால் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

"அங்கே நட்சத்திரம் இல்லே. ஓட்டை. அவ்வளவுதான்," என்றார்.

"ஓட்டை என்றால் ஓரத்து நட்சத்திரம் ஏன் சிவக்கிறது, சேர்? அது இருக்கட்டும். புகை என்று சொல்லித்தானே ஆதம்லெவ்வையை நிறுத்தினீர்கள்? சித்திரையிலும் இதே பட்டை இருக்கிறது."

"நட்சத்திரத்துக்கு நடுவிலே ஒண்ணும் இல்லே. நீ எண்ணு. யோசிக்காதே. போ."

தாள்களை மேசை இலாச்சியில் போட்டுப் பூட்டினார். நான் போனேன். போய் எண்ணினேன். இன்னும் நாலு வருடம் அங்கேயே இருந்து எண்ணினேன். வீட்டில் தங்கச்சிமார் மூன்று பேர் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் கப்பல் தபாலில் வெளிநாட்டு வானியல் அறிக்கை ஒன்று வந்தது. அங்கே ஒருவர் நட்சத்திரக் கூட்டங்களை அளந்து பார்த்து, வெளியில் தூசு பரந்திருக்கிறது என்று நிறுவியிருந்தார். துரை அதை இரண்டு நாள் வாசித்தார். மூன்றாம் நாள் பழுது என்று ஒதுக்கிய பெட்டியைத் திறக்கச் சொன்னார். பதினொரு தட்டும் பஞ்சு சுற்றி இலண்டனுக்குப் போயின. அடுத்த வருடம் அவர் பெயரில் கட்டுரை அச்சாகி வந்தது. தட்டின்மேல் தட்டு வைத்து ஒப்பிட்டது, மஞ்சள் தட்டு, ஐந்து கிட்டத்து நட்சத்திரங்கள், எல்லாம் என் நாலு தாளில் இருந்த ஒழுங்கில் இருந்தன. கடைசியில் ஒரு நன்றி. எனக்கு என்றா நினைக்கிறீர்கள்? புகையற்ற, தெளிந்த மட்டக்களப்புக் காற்றுக்கு!

அந்தப் பக்கத்தை விரித்து அவர் மேசையில் வைத்தேன்.

"காற்றில் புகை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சேர். அப்படியானால் ஆதம்லெவ்வையின் கடிதத்தை மாற்றிக் கொடுங்கள். பதிவேட்டையும் தாருங்கள், நான் எழுதியதை நானே வெட்டுகிறேன்."

"பதிவேடு மூடியாச்சு. மூடினதை மாத்தக் கூடாது. நீ போ."

இந்த முறை சொன்னபடி கேட்டேன். புளியங்கொட்டைகளைக்கூட எடுக்காமல் போனேன். திரும்பி வரவில்லை.

அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனபோது ஆதம்லெவ்வை சாரம் நெய்துகொண்டிருந்தார். தறியை நிறுத்தி, நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார்.

"இதில என்ட பேர் இரிக்கா?"

"இல்ல, காக்கா."

"உங்கட பேர்?"

"அதுவும் இல்ல."

"அந்தச் சிவப்பு மை?"

"அது அப்பிடியேதான் கிடக்கு. துரை பதிவேட்டத் தரமாட்டன் எண்டுட்டார்."

"நீங்க எழுதினத நீங்கதான் புள்ள வெட்டணும்," என்று சொல்லிவிட்டுத் தறியை மிதிக்கத் தொடங்கினார். என்னைத் தேற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. நிலையத்துக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. துரை கப்பலேறிப் போனார். பதிவேடு இருந்த பெட்டிகள் எங்கே போயின என்று நான் கேட்காத கந்தோர் இல்லை. எங்கும் கைவிரித்தார்கள். ஆதம்லெவ்வை தறியடியிலேயே காலமானார். அந்தக் கடிதம் அவருடைய பெட்டகத்தில், கொப்பிக்குள் மடித்து வைத்தபடி இருந்தது என்று அவருடைய மகள் சொன்னாள்.

ஆகவே மலரில் எழுதிய தம்பிக்கு நான் ஒரு நன்றி சொல்லவேண்டும். பதிவேடு இருக்கும் இடத்தை அடிக்குறிப்பில் போட்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே நூலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருப்பவர் மரியாதையான பிள்ளை. என்னை உட்காரவைத்து, பதிவேட்டைத் துணி விரித்து அதன்மேல் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். ஆவணி மாதப் பக்கத்தைத் திருப்பினேன். மற்ற மையெல்லாம் மங்கியிருக்க, என் சிவப்பு மட்டும் பளிச்சென்று கிடந்தது. கைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். முதல் வரியில் பழுது என்பதைக் குறுக்கே வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: தட்டு சரி. படம்பிடித்தவர் ஆதம்லெவ்வை. கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வரிக்குப் போனேன்.

ஏழாவது வரியை முடித்தபோது நூலகப் பொறுப்பாளர் கண்டுவிட்டார்.

"ஐயோ டீச்சர்! என்ன செய்யிறீங்க? அது பழைய ஆவணம், அதில ஒருத்தரும் எழுதக் கூடாது!" என்று ஓடிவந்து பதிவேட்டைப் பிடித்தார்.

"தம்பி, முதல் இந்தக் கையெழுத்தப் பாருங்க. இப்ப நான் போட்ட கையெழுத்தயும் பாருங்க."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் பிடியை விடவில்லை.

"கைய எடுங்க, மகன்," என்றேன். "இன்னும் நாலு கிடக்கு."